மஞ்சளாகாத தகடுகள்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒரு விளக்குப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். பீரோ அளவு இருக்கிறது. பிளாஸ்டிக் துண்டை உள்ளே மாட்டிப் பொத்தானை அழுத்தினால், வருஷக் கணக்கான வெயிலைச் சில வாரங்களிலேயே அதன் தலையில் கொட்டிவிடுகிறது. அதைத் தொடங்கிவைக்கிற நாளில் ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வடை, காபி எல்லாம் ஆன பிறகு, இப்போது அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தக் காலத்துல நிஜ வெயில்லயே வச்சுப் பாத்தீங்களாமே சார். அத்தனை மாசம் எப்படிப் பொறுமையா இருந்தீங்க?" என்று கேட்டார்.

பொறுமையாம். என் மனைவி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். சினிமாக் கொட்டகையில் இடைவேளை வரைக்கும்கூட உட்கார முடியாமல் வெளியே போய் நடந்துவிட்டு வருகிறவன் நான். இந்தக் கட்டுரையையே மூன்று நாளாக எழுந்து எழுந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். மரக்காணத்தில் நடந்ததைச் சொல்லியிருந்தால் என் மேல் அவருக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு, குறைந்தால்தான் என்ன என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

டிப்ளமா முடித்து டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் இரண்டு வருஷங்களில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. குடுவை கழுவினேன், மீட்டர் முள்ளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கினேன். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் சபாபதி சார் கூப்பிட்டு, "மரக்காணம் போறியா?" என்று கேட்டார். அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர். நான் வேலை நிரந்தரமாவதற்குக் காத்திருந்த ஆள். அவர் கேட்டது கேள்வியே இல்லை.

விஷயம் இதுதான். மீனவர்கள் கட்டுமரம் இழுத்து ஏற்றும் கரைகளில் கம்பம் நட்டு விளக்குப் போட அரசாங்கத்தில் ஒரு யோசனை இருந்தது. பல்பைச் சுற்றி வளையம் வளையமாக வரி விழுந்த லென்ஸ் ஒன்று இருக்கும். அதுதான் வெளிச்சத்தைச் சிதறவிடாமல் திரட்டிக் கடலுக்குள் அனுப்பும். கண்ணாடியில் செய்தால் விலையும் அதிகம், கல்லடி பட்டால் உடையும். பிளாஸ்டிக்கில் செய்யலாம் என்றார்கள். எந்தப் பிளாஸ்டிக்கில் என்பதுதான் கேள்வி. அக்ரிலிக் நல்லது, ஆனால் விலை கூடுதல். பாலிஸ்டைரீனில் ஏதோ மருந்து சேர்த்துப் பாதி விலைக்குத் தர ஒரு கம்பெனி தயாராக இருந்தது. வெயிலில் இரண்டு வருஷம் தாங்கும் என்று அவர்கள் சொன்னார்கள். தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நாங்கள்.

பிளாஸ்டிக்கை வெயில் கெடுப்பது சூட்டினால் அல்ல. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்குள் சங்கிலி சங்கிலியாகக் கோத்திருக்கும் மூலக்கூறுகளை அது அங்கங்கே அறுத்துவிடும். அறுந்த இடத்தில் காற்று புகுந்து வேறு பொருளாக்கும். முதலில் மஞ்சள் நிறம் ஏறும். பிறகு மேற்பரப்பில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடும். நேராகப் போக வேண்டிய வெளிச்சத்தில் கொஞ்சத்தை மஞ்சள் விழுங்கிவிடும், மிச்சத்தை வெடிப்புகள் சிதறடிக்கும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கடலில் இருப்பவனுக்குத் தெரியாது. சாதாரண ஜன்னலுக்கு இது பெரிய விஷயமில்லை. லென்ஸுக்கு இதுதான் சாவு.

மரக்காணத்து உப்பளத்தின் ஓரத்தில், பம்ப் கொட்டகைக்குப் பக்கத்தில், மூங்கில் வேலிக்குள் ஒரு நீளமான இரும்புச் சட்டம் நிறுத்தினோம். தெற்குப் பார்த்து, கொஞ்சம் சாய்வாக. ஒரு அடிச் சதுரத் தகடுகள், வரிசைக்குப் பன்னிரண்டு, நான்கு வரிசை. வரிசைக்கு ஒரு பிளாஸ்டிக். மூன்றாவது வரிசைதான் அந்தக் கம்பெனியுடையது. சட்டத்தின் நடுவில் சின்ன நீலக் கம்பளித் துண்டு ஒன்றும் குத்தி வைத்திருந்தோம். அந்த நீலம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அளந்தால், சட்டத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாக ஒரு கம்பத்தின் மேல் கண்ணாடிக் குண்டு ஒன்று. வெயில் அதன் வழியாகக் குவிந்து, கீழே இருக்கும் அட்டையில் கருகலாகக் கோடு போடும். வெயில் அடித்த நேரமெல்லாம் கோடு, மேகம் வந்த நேரம் இடைவெளி. அந்த அட்டைகளை வாராவாரம் சென்னைக்குத் தபாலில் அனுப்பிவிட வேண்டும்.

திங்கள், வியாழன் காலை ஆறு மணிக்கு சைக்கிளில் போய்விடுவேன். தகடுகளை ஓரத்தில் மட்டும் பிடித்துக் கழற்ற வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து வாங்கி வந்த காய்ச்சி வடித்த நீரில் முக்கி எடுத்து, துடைக்காமல், மல் துணியால் ஒற்ற வேண்டும். பம்ப் கொட்டகையின் இருட்டில் மீட்டர் வைத்திருந்தேன். முதலில் வெறும் விளக்கு, அடுத்து கறுப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த புதுத் தகடு, அதற்கப்புறம் வெயில் பட்ட தகடு. மூன்று தடவை படித்து மூன்றையும் எழுத வேண்டும். பத்து மணிக்குள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு ஊருக்குள் வந்துவிடுவேன். அதற்கு மேல் அங்கே நின்றால் உப்பின் வெள்ளையில் கண் திறக்க முடியாது.

சபாபதி சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு தடவை, "மூணாவது வரிசை மஞ்சளாயிட்டு வருது சார்" என்றேன். "மஞ்சள்னு உன் கண்ணு சொல்லுதா, மீட்டர் சொல்லுதா?" என்றார். கண் என்றேன். "அப்ப அதை வெளியில சொல்லாதே" என்றார். பதிவேட்டில் தப்பு இருந்தால் எது தப்பு என்று சொல்ல மாட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்பிவிடுவார். அந்தப் புள்ளியைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. நாலு பேர் நடுவில் நன்றாகத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலில் காவலுக்கு இருந்தவர் ஆட்டை உள்ளே விட்டு இரண்டு தகடு உடைந்தது. அவரை அனுப்பிவிட்டு அஞ்சலையம்மாவை வைத்தோம். நாற்பதைத் தாண்டியவர். இருபது வருஷம் உப்பு வாரியவர். இரண்டு கண்ணிலும் மூக்கோரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருந்தது, எப்போதும் நீர் வழியும். பாத்தியில் வரப்பு தெரியாமல் கால் வைக்க ஆரம்பித்ததும் உப்பளத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பகல் முழுக்க உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை அவருக்குத் தோதாக இருக்கும் என்று நினைத்தோம். ஆறு கீற்று போட்டு ஒரு சின்னக் கொட்டகையும் போட்டுக் கொடுத்தோம். "இதுங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதும்மா. ஆச்சுன்னா என் தலைதான் உருளும்" என்று முதல் நாளே சொல்லி வைத்தேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

ஊரில் பாய் கடை மாடியில் எனக்கு ஓர் அறை. வேலை வாரத்தில் இரண்டு காலை. மிச்ச நாளெல்லாம் என்ன செய்வது? கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். பஸ் ஏறி வானூர் போய், காரணமில்லாமல் திரும்பி வந்தேன். சாயங்காலங்களில் அனுமந்தைக் கரைக்குப் போய் வலை உலர்த்துகிறவர்களோடு நின்றுகொண்டிருப்பேன். அங்கே ஏழுமலை என்று ஒருவர், சொந்தமாகக் கட்டுமரம் வைத்திருப்பவர், என்னைப் பார்த்தாலே ஒரே கேள்விதான் கேட்பார்.

"எங்க சார், வெளக்கு?"

"தகடு வெயில்ல இருக்குது ஏழுமலை. முடியட்டும்."

"நாங்க மட்டும் என்னா நெழல்லயா கீறோம்? போன வாரம் என் மச்சான் விடிகாலைல வர்றான், திட்டு எது கரை எதுன்னு தெரியாம மோதிட்டான். கை ஒடஞ்சிடுச்சு. பிளாஸ்டிக்கோ, பித்தளையோ, ஒண்ண மாட்டி எரிய விடுங்க சார்."

எனக்கும் அதே அவசரம்தான். ஒன்றரை வருஷம் முடிந்து, அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது மனசு துள்ளியது. மூன்றாவது வரிசை முதல் கோடையில் கொஞ்சம் மஞ்சளாகி, பிறகு அப்படியே நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் சொன்னதைவிட நன்றாகவே தாங்கியது. வரிசையின் கிழக்குக் கோடியில் இருந்த கடைசி இரண்டு தகடுகள் மட்டும் படுமோசம். நல்ல மஞ்சள், மேலெல்லாம் வெடிப்பு. கிழக்கே கடல். உப்புச் சாரல் நேராக அடித்து அவை கெட்டிருக்கும் என்று முடிவு செய்தேன். இரண்டையும் குறுக்கே கோடு போட்டு நீக்கிவிட்டு, மிச்சப் பத்துக்குச் சராசரி எடுத்தேன். லென்ஸுக்கு ஏற்றது என்று எழுதி அனுப்பினேன். அதை வைத்து அடுத்த மாதம் ஆர்டர் கொடுப்பதாக இருந்தது. என் வேலை நிரந்தரமாவதும் அந்த அறிக்கையை ஒட்டித்தான்.

பத்தாம் நாள் அறிக்கை திரும்பி வந்தது. கூடவே, நான் வாராவாரம் அனுப்பிய அட்டைகள் அத்தனையும் ஒரு கட்டாக. நீலக் கம்பளித் துண்டின் அளவை எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

அட்டைகளை அறை முழுக்கப் பரப்பினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கருகல் கோடு, நாளுக்கு நாள், மாதத்துக்கு மாதம். அவ்வளவு வெயிலுக்குக் கம்பளி பாதிக்கு மேல் வெளுத்திருக்க வேண்டும். அதுவோ பாதி வெளிச்சத்தைக்கூடப் பார்க்காதது மாதிரி நீலமாகவே இருந்தது. கண்ணாடிக் குண்டு பொய் சொல்லாது. அப்படியென்றால் அதற்கு அடித்த வெயில், இருபது அடி தள்ளி இருந்த சட்டத்துக்கு அடிக்கவில்லை. உட்கார முடியவில்லை. மணி பதினொன்றரை. சைக்கிளை எடுத்தேன். அந்த நேரத்தில் நான் அங்கே போவது அதுதான் முதல் தடவை.

வழக்கமாகச் சாலையிலிருந்தே சட்டம் பளபளவென்று தெரியும். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேலிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன். மேற்குக் கோடியிலிருந்து வரிசையாகத் தென்னங்கீற்று சாத்தி, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தது. அஞ்சலையம்மா வரப்பின் மேல் நனைத்த முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சைக்கிள் சத்தம் கேட்டு எழுந்தார்.

"யாரு, சாரா? இந்த வெயில்ல ஏன் சார் வந்தீங்க?"

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"மூடித்தான் வச்சிக்கிறேன். பதினோரு மணிக்கெல்லாம் மூடிடுவேன். மூணு மணி வரிக்கும் தொறக்கவே மாட்டேன். நீங்க கவலையே படாதீங்க."

"யாரு மூடச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? கண்ணாடியெல்லாம் மஞ்சளா பூத்துக்கினு வந்துச்சு. நீங்ககூட ஒரு நாளு பாத்துட்டு ஐயையோன்னீங்க. ஒடைஞ்சதுக்கே அந்த ஆள அனுப்பிட்டீங்க. எல்லாம் கெட்டுப்போச்சுன்னா என்ன வச்சிப்பீங்களா? வெயிலுதான் கெடுக்குதுன்னு தெரிஞ்சுது. மூடிட்டேன். அப்புறம் பாருங்க, பூக்கவே இல்ல."

உப்பளத்தில் வானத்தில் ஒரு மேகம் தெரிந்தாலே கீற்றைத் தூக்கிக்கொண்டு உப்பு அம்பாரத்தை மூட ஓடுவார்கள். கெடக்கூடிய எதையும் திறந்து போட்டு வைப்பது அந்த ஊரில் சோம்பேறி செய்கிற வேலை. இருபது வருஷம் அப்படி ஓடியவரிடம் ஒரு பொருளைக் கொடுத்து, காவல் பார் என்று சொல்லியிருந்தேன். அந்தத் தகடுகளைக் கெடுவதற்கென்றே வெயிலில் வைத்திருக்கிறோம், எத்தனை நாளில் கெடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த நிமிஷம் இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஒன்றரை வருஷம் போச்சே, என் வேலை போச்சே என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. கீற்றையெல்லாம் எடுக்கச் சொன்னேன். "இனிமே மூடாதீங்க. மூடினதா யார்கிட்டயும் சொல்லாதீங்க. யார் கேட்டாலும் சரி" என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்க்க முயன்றார். "சரி சார்" என்றார். அறைக்குத் திரும்பி, கம்பளித் துண்டு பழைய சரக்கு, நம்பத் தகுந்ததல்ல என்று ஒரு பாரா எழுதி அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன். கையெழுத்து அன்றைக்கு மட்டும் அழகாக விழுந்தது.

நாலு நாள் தூங்கவில்லை. ஏழுமலையைப் பார்க்கப் பயந்து அனுமந்தைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் தபாலில் பதில் வரும் என்று காத்திருந்தேன். காலை பஸ்ஸில் சபாபதி சாரே வந்து இறங்கினார்.

"தகட்டைப் பாக்கலாம்" என்றார். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். வேலிக்குள் வந்ததும் சட்டத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அஞ்சலையம்மா எழுந்து நின்றார். சார் அவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, இந்தத் தகடு மேல எப்பவாவது எதையாவது போட்டு மூடினீங்களா?"

"இல்லீங்க."

"மழைக்குக்கூட?"

"இல்லீங்க சார். நான் எதுக்கு மூடறேன்?"

சொல்லும்போது அவர் கை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. எனக்காக அந்த அம்மா பொய் சொல்கிறார். எப்படியும் மாட்டிக்கொள்ளப் போவது அவர்தான். சார் என் பக்கம் திரும்பினார்.

"குமரேசா, அம்மா சொல்றது சரியா?"

தலையாட்டியிருக்கலாம். கம்பளி பழசு என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். ஆர்டர் போயிருக்கும், லென்ஸ் வந்திருக்கும். ஒரு வருஷத்துக்குள் அனுமந்தைக் கம்பத்தில் மஞ்சள் பிடித்த விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். ஏழுமலை அதை நம்பித் திட்டுக்கு நேராக வந்திருப்பார்.

"இல்ல சார். மூடினாங்க. நாந்தான் சொல்ல வேணாம்னேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். "உக்காரும்மா. எப்பலேருந்து மூடினீங்க, எத்தனை மணிலேருந்து எத்தனை மணி வரைக்கும், ஒண்ணொண்ணா சொல்லுங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அசந்துபோனேன். போன வருஷம் சித்திரை பிறந்து நாலாம் நாள் ஆரம்பித்தாராம். பம்ப் கொட்டகை நிழல் வாய்க்காலை விட்டு ஏறினதும் மூடுவது, பாத்திக்குச் சாயங்காலத் தண்ணி திறக்கிற சத்தம் கேட்டதும் எடுப்பது. என் பதிவேட்டில்கூட அவ்வளவு ஒழுங்கு இல்லை. சார் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"எல்லாத் தகட்டையும் மூடினீங்களா?"

"அதான் சார் முடியல. ஏழு கீத்து வேணும். ஆறுதான் இருந்துச்சு. கெழக்கால கடைசி ரெண்டு ரெண்டு எப்பவும் தொறந்துதான் கெடக்கும். அதுங்க கெட்டே போச்சு. அதுக்குத்தான் பயந்துக்கினே இருந்தேன்."

சார் பென்சிலைக் கீழே வைத்தார். நான் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிய கடைசி இரண்டு தகடுகள். உப்புச் சாரல் என்று சொல்லி ஒதுக்கியவை. ஒன்றரை வருஷமும் முழு வெயிலைப் பார்த்தவை அவை மட்டும்தான். உண்மையைச் சொன்னவற்றைத் தள்ளிவிட்டு, நிழலில் தூங்கியவற்றுக்குச் சராசரி போட்டிருக்கிறேன். அந்த இரண்டின் கணக்கை அங்கேயே எடுத்துப் பார்த்தோம். எட்டாம் மாதத்துக்குள் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. அதே கோடியில் இருந்த அக்ரிலிக் தகடுகள் அப்படியே தெளிவாக இருந்தன. சாரல் காரணமாக இருந்தால் அவையும் கொஞ்சமாவது மங்கியிருக்க வேண்டும்.

"ஆறு கீத்து எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று சார் கேட்டார்.

அவர் கொட்டகையைக் காட்டினார். நாலு கம்பும் குறுக்குச் சட்டமும் நின்றன. மேலே ஒன்றுமில்லை. தினமும் சாயங்காலம் தகட்டிலிருந்து எடுத்ததும் கூரை மேல் திரும்பப் போட்டுவிடுவாராம், அதனால்தான் காலையில் வருகிற என் கண்ணில் படவில்லை. நான் எடுக்கச் சொன்ன கீற்றைத் திரும்பப் போடச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார்.

"அப்ப நீங்க எங்க உக்காந்தீங்க?"

"இங்கதான்" என்று வரப்பைத் தட்டினார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டவில்லை. என்னிடம், "இந்தத் தகடு எதுக்கு வச்சிருக்குதுன்னு அம்மாவுக்குச் சொல்லு" என்றார்.

சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று வெயிலில் இருப்பதையும், அது தகட்டைக் கெடுப்பதையும், எத்தனை மாதத்தில் எது கெடுகிறது என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்பதையும். அவர் வேலைக்கு வந்த முதல் நாளே ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டியது. அவர் கோபப்படவில்லை.

"கெடறதுக்கா வச்சீங்க?"

"ஆமாம்மா."

"தகட்டுக்கு இத்தினி மாசம்னு கணக்கு சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம்."

"எங் கண்ணு எத்தினி மாசம் தாங்கும்னு அதையும் பாத்துச் சொல்லேன் தம்பி."

அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார். அவ்வளவு அருகில் அவர் கண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். சதை கண் பாப்பாவின் ஓரத்தைத் தொட்டிருந்தது. சார் குறுக்கே பேசி என்னைக் காப்பாற்றுவார் என்று பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கணக்கா தெரியலம்மா" என்றேன். "ஆனா இங்க உக்காந்தா சீக்கிரம் போயிடும். கீத்து போட்டாலும் பத்தாது. உப்பு மேல பட்டு வெளிச்சம் கீழேருந்தும் அடிக்குது. தகட்டுக்கே முதுகுப் பக்கமும் மஞ்சள் ஏறியிருக்குது."

அவர் தலையாட்டிக்கொண்டார். சாருக்குக் கும்பிடு போட்டார்.

அறிக்கை மாறியது. கம்பெனி லென்ஸ் வேண்டாம் என்று ஆயிற்று. அக்ரிலிக்குக்குப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டியிருந்ததால் விளக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனது. அதை ஏழுமலையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் வலையை உதறியபடியே, "நீங்க தகட்டப் பாத்துக்கினே இருங்க சார். நாங்க கை கால ஒடச்சிக்கினே இருக்கறோம்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது கம்பத்தில் விளக்கு எரிந்த பிறகுதான். என் வேலை நிரந்தரமாவதைச் சபாபதி சார் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். காரணம் என்று அவர் எழுதியது ஒரே வரி, அதில் பொய் எதுவும் இல்லை. அந்த வருஷம் முழுக்க அவர் மேல் ஆத்திரமாக இருந்தேன். இப்போது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது.

புதுத் தகடுகள் மாட்டி, அளவை முதலிலிருந்து தொடங்கினோம். அடுத்த திங்கட்கிழமை ஏழு கீற்றோடு போனேன், கொட்டகை மேல் போடலாம் என்று. அஞ்சலையம்மா இல்லை. பம்ப் கொட்டகைச் சாவியைப் பாய் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வானூரில் தங்கை வீட்டுப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற கொட்டகையில், உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததாம். நான் சொன்னதைக் கேட்டுத்தான் போனார். அவர் போனதில் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இனி காவலுக்கு யாரைப் பிடிப்பது என்பதுதான் முதல் நினைப்பு. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆள் கிடைக்கிற வரைக்கும் நானே உட்கார்ந்தேன். கீற்றைக் கொட்டகை மேல் போட்டு, அதற்கு அடியில்தான். முதல் நாள் பத்து மணிக்கே இடம் கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பாத்திகளின் வெள்ளை முழுக்க நிழலுக்குள் ஏறி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடின இமைக்குள்ளும் வெள்ளையாகவே இருந்தது. சாயங்காலம் அறைக்கு வந்து ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலையில் இமை ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். ஏழாம் நாள், இரண்டு நாளைக்குள் ஆள் அனுப்பாவிட்டால் கிளம்பி வந்துவிடுவேன் என்று சென்னைக்குத் தந்தி அடித்தேன்.

நான் அங்கே உட்கார்ந்தது மொத்தம் பதினோரு நாள், தலைக்கு மேல் கீற்றோடு. அஞ்சலையம்மா கீற்றில்லாமல் உட்கார்ந்தது பதினாலு மாதம்.